புகையின் நிறம்

பாலக்கரை, திருச்சி
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் ரிஃபானாவும் அல்லாஹ் கிருபையால் சுகம். உங்கள் சுகமும் ரசூல் மச்சான் சுகமும் மகள் ஜெஸிமாவின் சுகமும் அறிய ஆவல். சவுதி தமாமிலிருந்து வந்து இறங்கியதும் போன் செய்தேன். நீங்கள் “ஹலோ, யாரு?” என்று ஆறு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால் பழையபடி கடிதமே நமக்குச் சரி.

கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் தொழிலாளர் கேம்ப் கிச்சனில் சமைத்தாயிற்று. இனி போக உத்தேசமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். காலையில் எழுந்தால் எங்கும் போக வேண்டியதில்லை என்பதே ஒரு வேலை மாதிரி இருக்கிறது.

சும்மா இருக்க முடியாமல் ஒரு யோசனை. இருநூறு லிட்டர் இரும்புப் பேரலை நிறுத்தி வைத்து, அடியில் கரியும் விறகும் போட்டு, மேலே கம்பித் தட்டில் கோழியை வைத்து மூடிவிட வேண்டும். தீ படாமல், புகையிலும் சூட்டிலுமே மூன்று நான்கு மணி நேரத்தில் வெந்துவிடும். தமாமில் ஒரு சூப்பர்வைசர் இப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். இங்கே யாரிடமும் இல்லை. வீட்டு வாசலிலேயே வைத்து விற்கலாம்.

துறையூருக்கு வர வேண்டும், வேலை முடிந்ததும் வருகிறேன். ஒரு சின்ன விசாரிப்பு. கண்ணனூர்ப் பக்கம் மருதை என்று ஒருவர், எங்கள் கேம்பில் சாரம் கட்டும் வேலையில் இருந்தவர். சுகமாக இருக்கிறாரா என்று யாரிடமாவது கேட்டு எழுதுங்கள். அவசரமில்லை.

வஸ்ஸலாம்.
தம்பி அப்துல் அஹத்

◆

துறையூர்
29.7.2024

அன்புத் தம்பி அஹத்துக்கு, வ அலைக்கும் ஸலாம்.

இங்கே எல்லோரும் நலம். காது மெஷின் விசில் அடிக்கிறதே தவிரப் பேச்சைக் கொண்டுவருவதில்லை. கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். மருமகள் போனில் டைப் செய்து காட்டுகிறாள். அப்படியென்றால் என் சங்கதி எல்லாம் அவளுக்கும் தெரிய வேண்டியிருக்கிறது. கடிதம் தேவலாம்.

நீ வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பாலக்கரையிலிருந்து துறையூருக்கு ஒன்றரை மணி நேர பஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் என்ன? உன் மச்சானும் கேட்கிறார்.

பேரல் விஷயம் நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பேரலில் முன்னால் என்ன இருந்தது என்று பார்த்து வாங்கு. இங்கே ஒருவன் பூச்சிமருந்து வந்த கேனில் மோர் கொண்டுவந்து விற்று அடி வாங்கினான்.

மருதையைப் பற்றிச் சந்தைக்கு வருகிறவர்களிடம் கேட்கிறேன். நீயே வந்தால் நேரில் பார்க்கலாமே?

புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். ரிஃபானாவுக்கு என் துஆ.

அக்கா ஷரபுன்னிசா

◆

பாலக்கரை
20.8.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். இங்கே சுகம், அங்கும் அப்படியே இருக்க துஆ.

பேரல் வாங்கிவிட்டேன். பெயிண்ட் கம்பெனிக்குப் பிசின் வந்த பேரல். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு. அரியமங்கலத்தில் அற்புதசாமி என்பவரின் வெல்டிங் பட்டறையில் வைத்துச் செய்கிறோம். மேல் மூடியை வெட்டப் போனபோது அவர் என் கையைப் பிடித்துவிட்டார். “மொதல்ல தண்ணி ரொப்புங்க பாய். உள்ள ஆவி நின்னுச்சுன்னா, கட்டிங் வீல் பட்டதும் மூடி நம்ம தலைக்கு மேல போயிரும்.” கழுத்துவரை தண்ணீர் நிரப்பித்தான் வெட்டினோம்.

அடியில் மூன்று காற்றுத் துளைகள், மூடுவதற்கு நகரும் தகடுகள். உள்ளே கரிக்கூடை, அதற்கு மேல் இரண்டு அடி விட்டுக் கம்பித் தட்டு. சூடு பார்க்க முள் வைத்த மீட்டர் ஒன்றை ஸ்ரீரங்கத்துக்காரர் ஹரிஹரசுதன் கொடுத்தார். பாய்லர் ஃபேக்டரியில் இருந்து ரிட்டையர் ஆனவர், அற்புதசாமிக்குப் பழக்கம். “நான் கோழியத் தொடக்கூட மாட்டேன் பாய். ஆனா காத்து எந்த வழியா போறதுன்னு எனக்குத் தெரியும்” என்று சிரித்தார். புகை வெள்ளையாக வந்தால் தீ மூச்சு முட்டுகிறது, மெல்லிய நீலமாக வந்தால் சரியாக எரிகிறது என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கொள்ளிடக் கரைத் தோப்பிலிருந்து கொய்யா விறகும் அவரே ஏற்பாடு செய்தார். காவிரி, கொள்ளிடம் இரண்டிலும் தண்ணீர் போகிறது.

பூச்சு போக உள்ளே விறகை அடுக்கி எரித்தோம். இரண்டு தடவை எரிக்க வேண்டும் என்றார் அற்புதசாமி. ஒரு தடவையிலேயே உள்ளே சாம்பல் நிறம் வந்துவிட்டது. அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

மருதையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே அக்கா?

தம்பி அஹத்

◆

துறையூர்
10.9.2024

அன்புத் தம்பிக்கு, அல்லாஹ் உன்னை நலமாக வைப்பானாக.

மருதையைப் பார்த்தே வந்துவிட்டேன். மச்சான் வண்டியில் கூட்டிப் போனார். பங்குனியில் ஊருக்கு வந்தாராம். நல்ல உயரமான ஆள், ஆனால் சட்டை ஹாங்கரில் மாட்டியது போலத் தொங்குகிறது. கேம்பில் ஏதோ கெட்ட சாப்பாடு சாப்பிட்டு இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அதில் கிட்னி பாதி போய்விட்டது. மாதம் ஒருமுறை திருச்சிக்கு வந்து காட்டிப் போகிறார். வேலை செய்ய முடியாது. அவர் மனைவி வெள்ளையம்மாள் இட்லிக் கடை வைத்து வீட்டுச் செலவைத் தாக்காட்டுகிறார். இதையெல்லாம் மச்சான் கேட்டு எனக்கு எழுதிக் காட்டினார்.

உன் பெயரைச் சொன்னதும் அந்த மனிதர் எழுந்து நின்றார். “அஹத் பாயோட அக்காவா?” என்று கேட்டிருக்கிறார். உதட்டிலேயே படித்துவிட்டேன். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன். ஒருநாள் வந்து பார்.

நல்ல செய்தி: ஜெஸிமாவுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது. தை மாதத்தில், பிப்ரவரி இரண்டு, ஞாயிறு. பிரியாணிக்கு ஆள் உண்டு. கோழி உன் பேரல் கோழிதான். இருநூறு பேர். மாட்டேன் என்று சொல்லாதே.

அக்கா

◆

பாலக்கரை
2.10.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம்.

ஜெஸிமா செய்தி கேட்டு மிக்க சந்தோஷம். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

முதல் கோழிகள் ஆகிவிட்டன. சூடு நூற்று இருபது டிகிரியிலேயே மூன்றரை மணி நேரம் நின்றது. புகை கடைசிவரை நீலம். தோல் நல்ல தேன் நிறம், தொடை எலும்பு கையோடு வந்தது. ரிஃபானா நன்றாக இருக்கிறது என்றாள். அற்புதசாமியும் நன்றாக இருக்கிறது என்றார். மொத்த மருந்துக் கடைக்குச் சரக்கெடுக்க வந்த மச்சானிடம் இரண்டு கோழி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

வேறு விசேஷமில்லை.

அஹத்

◆

துறையூர்
6.10.2024

தம்பிக்கு ஸலாம்.

நீ சுகமா? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

கோழியை யாரும் சாப்பிடவில்லை. பொட்டலத்தைப் பிரித்ததுமே பெயிண்ட் வாடை. புதுசாகக் கதவுக்குப் பெயிண்ட் அடித்த வீடு மாதிரி. ஜெஸிமா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. குழி தோண்டிப் புதைத்துவிட்டோம்.

எனக்குக் கோபமில்லை. ஆனால் பகலெல்லாம் யோசித்தேன். பேரல் பக்கத்தில் மூன்றரை மணி நேரம் நின்றவன் நீ. பிய்த்துப் பார்த்தவனும் நீ. சின்ன வயதில் அம்மா வெந்தயம் கருக விட்டால் தெருமுனையில் இருந்தே கத்துவாய். உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். புகை வெள்ளை என்கிறாய், நீலம் என்கிறாய், சூடு எத்தனை என்கிறாய், தோல் தேன் நிறம் என்கிறாய். வாசம் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. ருசி என்றும் இல்லை. ரிஃபானா சொன்னாள், அற்புதசாமி சொன்னார் என்றுதான் இருக்கிறது.

உனக்கு என்ன ஆயிற்று அஹத்?

அக்கா

◆

துறையூர்
15.11.2024

அன்புத் தம்பிக்கு, அல்லாஹ்வின் சாந்தி உண்டாவதாக.

நாற்பது நாள் ஆகிறது, பதில் இல்லை. மச்சான் போன் செய்தபோது வேலை இருக்கிறது என்றாயாம். சரி. நான் கேட்டதை விட்டுவிடு. நான் ஒன்று சொல்கிறேன். இதை மச்சானிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்குக் காது போய் இரண்டு வருடம் கழித்துத்தான் வீட்டில் தெரியும். அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். டி.வி.யில் மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரித்தேன். செவிடி என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தேன். அப்போது பக்கத்து வீட்டு ஜைத்தூன் பாத்ரூமில் விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தாள். ஒரு மணி நேரம் “ஷரபு, ஷரபு” என்று என் பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் அவள் கேட்டாள், வீட்டில் இல்லையா நீ என்று. ஆமாம், வெளியே போயிருந்தேன் என்று சொன்னேன். அவள் மவுத் ஆகும்வரை அப்படியே நம்பினாள்.

அவ்வளவுதான். பதில் எழுத இஷ்டமில்லை என்றால் வெறும் காகிதத்தையாவது அனுப்பு.

அக்கா

◆

பாலக்கரை
3.12.2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகமில்லை அக்கா. காய்ச்சல் எதுவுமில்லை.

2021-இல் கொரோனா வந்து எழுந்தபோது வாசம் போய்விட்டது. மூன்று மாதத்தில் வரும் என்றார்கள். வரவேயில்லை. உப்பு, உறைப்பு, புளிப்பு, இனிப்பு நாக்குக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மல்லித்தழையும் காகிதமும் ஒன்றுதான். சமையல்காரன் இதை வெளியே சொல்ல முடியுமா? அளவு எல்லாம் கைக்கு மனப்பாடம். கூட வேலை செய்த மலையாளிப் பையனை வாசம் பார்க்கச் சொல்லி, அவனுக்குக் கற்றுக்கொடுப்பது போல நடித்தேன். மூன்று வருடம் அப்படியே ஓடியது.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒருநாள் அந்தப் பையன் லீவு. ஃப்ரீசரில் முந்தின நாள் கரண்ட் நின்று மறுபடி வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. கறி தொட்டுப் பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது, நிறமும் பரவாயில்லை. எடுத்துக் குழம்பு வைத்தேன். பதினோரு பேர் விழுந்தார்கள். பத்துப் பேர் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். மருதை எழவில்லை.

விசாரணையில் ஃப்ரீசர் பழுது என்று எழுதினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கு இருக்கிறவன் மூடியைத் திறந்ததுமே கொட்டியிருப்பான். நான் வாயைத் திறக்கவில்லை. ஆள் குறைப்பு எல்லாம் பொய். நானே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

துறையூர் பஸ்ஸில் மூன்று தடவை ஏறி உட்கார்ந்தேன். மூன்று தடவையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டேன்.

ரிஃபானாவுக்குத் தெரியாது. பேரலை அற்புதசாமி பட்டறையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஜெஸிமா கல்யாணத்துக்கு வேறு ஆள் பாருங்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

அஹத்

◆

துறையூர்
9.12.2024

தம்பிக்கு ஸலாம்.

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. நான் கொடுக்கக் கூடியது இல்லை அது. முதலில் ரிஃபானாவிடம் சொல். பிறகு இங்கே வா. கண்ணனூருக்கு நானும் கூட வருகிறேன். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கல்யாணத்துக்கு வேறு ஆள் பார்க்கவில்லை.

அக்கா

◆

பாலக்கரை
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். உங்களுக்கு இருமல் என்று மச்சான் சொன்னார். வெந்நீர் குடியுங்கள்.

ரிஃபானாவிடம் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும்தான் நிமிர்ந்தாள்.

“நீங்க லீவுக்கு வர்றப்பல்லாம் அத்தர் போட்டுக்கிட்டு நின்னேனே. நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. அதுவும் பொய்யா?”

 பிறகு, “நீ மட்டும் அந்தக் கோழி நல்லாருக்குன்னு ஏன் சொன்னே?” என்று கேட்டேன்.

“ஊருக்கு வந்ததுலேர்ந்து நீங்க சிரிச்சது அன்னிக்கு ஒரு நாள்தாங்க” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

 மூன்றாம் நாள் புர்காவைப் போட்டுக்கொண்டு, “எங்க இருக்கு அந்தப் பேரல்?” என்றாள். அரியமங்கலம் கூட்டிப்போனேன். நிமிர்த்தித் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “இது ஆவாது” என்றாள். அற்புதசாமி தலை குனிந்துகொண்டார். “நானும் அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா. பாய் மொகத்தப் பாத்து சொல்ல வாய் வரல” என்றார்.

அந்தப் பேரல் பழைய இரும்புக்குப் போய்விட்டது. சமையல் எண்ணெய் வந்த பேரல் ஒன்று கிடைத்தது. கூடை, தட்டு, மீட்டர் எல்லாம் அதற்கு மாறின. மூன்று நாள் மூன்று முறை எரித்தோம். ஒவ்வொரு முறையும் ஆறியதும் ரிஃபானா முகர்ந்து பார்த்தாள். மூன்றாம் முறைதான் “இப்ப இரும்பு வாசந்தான் வருது” என்றாள். உள்ளே எண்ணெய் தடவிக் காயவைத்திருக்கிறோம். இன்னும் கோழி வைக்கவில்லை. மனம் வரவில்லை.

ஜனவரி நாலு, சனிக்கிழமை காலை வருகிறேன். இந்தத் தடவை இறங்கமாட்டேன். ரிஃபானாவும் என்னோடு பஸ் ஸ்டாண்டுவரை வருகிறாள்.

அஹத்

◆

துறையூர்
6.1.2025

அன்புத் தம்பிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தாயா? சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாய். ஆக்கிவைத்த சோறு அப்படியே இருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தலையைக் குனிந்து பேசினாய், உன் உதடு தெரியவில்லை. மருதை வேகமாக நிறையப் பேசினார், உதட்டைத் தொடர முடியவில்லை. நடுவில் அவர் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். வெள்ளையம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து வாசற்படியில் நின்றுகொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். அதைக் கேட்டு உன் முகம் செத்துப்போயிற்று. என்ன சொன்னாள்? திட்டினாளா? வழியெல்லாம் நீ ஒன்றும் சொல்லவில்லை.

உன் கையெழுத்தில் எழுது. எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுது.

அக்கா

◆

திருச்சி
21.1.2025

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இருமல் நின்றதா? இங்கே ரிஃபானா சுகம், நானும் ஒருவாறு சுகம். இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் மேல் வைத்து எழுதுவதால் எழுத்து கோணும்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மூக்கு, ஃப்ரீசர், விசாரணை எல்லாம். மருதை கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது:

“எனக்குத் தெரியும் பாய். மொத வாயிலயே தெரிஞ்சிருச்சு, கறி சரியில்லன்னு. துப்பியிருப்பேன். நீங்க கரண்டியோட எதிர்ல நின்னுக்கிட்டு, ‘எப்படி இருக்கு மருதை’ன்னு கேட்டீங்க. அன்னிக்குக் காலைலதான் எம் பொண்ணு பரிச்சைல பாஸானதுக்கு எல்லாருக்கும் அல்வா கிண்டிக் குடுத்திருந்தீங்க. மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? நல்லாருக்கு பாய்னு சொன்னேன். தட்டையும் காலி பண்ணுனேன். நான் சாப்பிடுறதப் பாத்துத்தான் எங்க கேங்கு பூராவும் சாப்பிட்டுச்சு. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா பத்துப் பேரு தப்பிச்சிருப்பான்.” அப்போதுதான் நெஞ்சில் தட்டிக்கொண்டார். வந்த நாளிலிருந்து வெள்ளையம்மாளிடம்கூட அதைச் சொன்னதில்லையாம்.

அதனால்தான் அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனது. திரும்பி வந்து திட்டவில்லை அக்கா. திட்டியிருந்தால் தேவலை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்களா? மனசு பாரம் எறங்கிருச்சா? எனக்கு எறங்கல. மாசா மாசம் கடைய மூடிட்டு, இருட்டுல எந்திரிச்சு, இவரக் கைத்தாங்கலா பஸ் ஏத்தி, சீட்டு வாங்கி, ரத்தம் குடுத்து, ரிசல்ட்டுக்கு நின்னு, பொழுது சாய வீட்டுக்கு வந்து மறுநாளைக்கு மாவாட்டுறது நானு. மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்குங்க பாய். அடுத்த தடவ நீங்க கூட்டிட்டுப் போங்க. அதுக்கடுத்த தடவையும்.”

நான் சரி என்றேன்.  முகம் செத்துப்போனது அதனால்தான். இவ்வளவு நாளில் என் பாரத்தைத் தவிர வேறு யாருடையதையும் நான் எடைபோட்டுப் பார்த்ததே இல்லை.

இன்று காலை கண்ணனூருக்கே போய்க் கூட்டிவந்தேன். வெள்ளையம்மாள் கடையில் இருந்தார்.  ரிப்போர்ட் வைத்த மஞ்சள் பையை மட்டும் நீட்டினார். பஸ்ஸில் மருதை தண்ணீர் கேட்டார். பாட்டிலை எடுத்தால் அதில் ஒரு கோடு போட்டிருந்தது. அதுவரைதான் மத்தியானத்துக்குள் குடிக்கலாமாம். எனக்கு அது தெரியாது. அவரே சொன்னார்.

ரத்தம் கொடுத்தாயிற்று. ரிசல்ட்டுக்கு உட்கார்ந்திருக்கிறோம். இந்த பெஞ்சில் ஒரு கால் ஆடுகிறது.

கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்பே பேரலோடு வந்துவிடுகிறோம். போன வெள்ளிக்கிழமை நாலு கோழி வைத்துப் பார்த்தோம். ரிஃபானா முதல் வாயை மென்றுவிட்டு, “புகை ஜாஸ்தி, கடைசியில கசக்குது” என்று நேராகச் சொன்னாள். காற்றை இன்னும் கொஞ்சம் விட வேண்டும். அவள் சரி என்று சொல்லாத எதுவும் பந்திக்குப் போகாது. நீங்களும் அன்று முதலில் சாப்பிட்டுப் பார்த்து, இருக்கிறதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். எல்லோருக்கும் முன்னால் சொன்னாலும் சரி.

எங்கள் நம்பர் வரப்போகிறது போலிருக்கிறது. மருதை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எழுப்ப வேண்டும்.

வஸ்ஸலாம்.
தம்பி அஹத்